மன்னிப்புக் கேட்டது நானல்ல, மச்சான்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. தங்கள் உடம்பும் அக்காவின் மூட்டு வலியும் தேவலை என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர மற்றவர்கள் சௌக்கியம். எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வரி எழுதுவதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

விஷயம் இதுதான். மன்னிப்புக் கேட்டு, குடும்பத்தோடு வந்து தங்கும்படி உங்களுக்கு வந்த மெசேஜ் என்னுடையதல்ல.

நான் புது போன் வாங்கியபோது குடும்பக் குரூப்பில் எல்லோரும் பார்க்க, "பணத்தைக் கரியாக்குற" என்று போட்டீர்கள். நானும் பதிலுக்குக் கொட்டித் தீர்த்தேன். ஆனால் கோபம் ஆறியதும் நீங்கள் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது: பழைய போனாக வாங்கணும், விலை விழுவதற்குள் விற்கணும், மிச்சம் பிடிக்கணும். சரி, உங்களுக்குத் தெரியாமல் செய்துவிடுவோம் என்று புதுசைத் தள்ளிவிட்டு, கடைக்காரர் "ராசியான செட்டு சார்" என்று நீட்டியதை வாங்கினேன். அதற்குப் பேட்டரி உப்பி மூடி நிற்கவில்லை, ரப்பர் பேண்டு போட்டேன். அதை விற்று வேறொன்று, அதில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது, அதையும் விற்று இன்னொன்று. ஒவ்வொரு முறையும் லாபம் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு முறையும் போன்தான் சிறுத்தது. இப்போது கையிலிருப்பதில் குடும்பக் குரூப் ஏறவே ஏறாது. டார்ச் மட்டும் பிரமாதமாக எரிகிறது.

தொல்லை விட்டது என்றிருந்தேன். உங்கள் தங்கையோ திடீரென்று என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். "மெசேஜ்ல இவ்வளவு பாசமா பேசுறீங்க, நேர்ல மட்டும் ஏன் உம்முன்னு இருக்கீங்க?" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. விற்கும்போது சிம்மை உருவினேனே ஒழிய, உள்ளே இருந்த எதையும் அழிக்கவில்லை!

கடைக்காரரைப் பிடித்து உலுக்கியதில், நான் கடைசியாக விற்ற போன் ஒரு லாண்டரிக்காரரிடம் இருப்பது தெரிந்தது. ஓடினேன். மனுஷன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நீங்கதானா அது? வாங்க வாங்க" என்றார்.

"யாரக் கேட்டு என் பேர்ல மெசேஜ் போட்டீங்க?"

"உங்க மச்சான் தினமும் காலை வணக்கம் போடுறாரு சார். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. மனசு கேக்கல."

"அதுக்கு மன்னிப்பு வேற கேக்கணுமா?"

"மேல தள்ளிப் படிச்சுப் பாத்தேன் சார். தப்பு உங்க மேலதான்."

துணி வாங்க வந்து நின்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஊரே படித்திருக்கிறது!

ஆகவே மச்சான், அந்த அழைப்பைச் செல்லாததாகக் கருதிப் பயணத்தை நிறுத்திவிடவும். லாண்டரிக்காரர் கூப்பிட்ட விருந்தாளியை நான் எந்த முகத்தோடு உபசரிப்பது? மேலும், உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இருக்க வேண்டும். எங்கே வைத்தேன் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நீங்கள் எல்லோரும் அங்கேயே நீடூழி நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாசல் மணி அடித்தது. பெட்டி படுக்கையோடு நீங்கள். "நீ எழுதினதப் படிச்சதும் மனசு தாங்கல மாப்ள, முன்னாடியே கிளம்பிட்டோம்" என்று கட்டிக்கொண்டீர்கள். உங்களுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது அவசரமாக இதை எழுதுகிறேன். ஒளித்துவைப்பதற்குள் இது உங்கள் கையில் சிக்கினால், ஒன்றை மட்டும் நம்புங்கள்: மேலே இருப்பதெல்லாம் லாண்டரிக்காரர் எழுதியது. மன்னிப்புக் கேட்டது நான்.