மாவு டின் மூடி

"வெர்லீன்! ஓவனை அணை, அணை!"

லான்ஸோ டேட் அடுக்களைக்குள் பாய்ந்தார். மனைவி கேக் மாவோடு நின்றிருந்தாள்.

"ஏன், உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"பிளாக்பெர்ரி பெல் இருக்கா!"

முப்பது வருஷத்துக்கு முன் ஒரே ஒரு ப்ளூஸ் இசைத்தட்டு பாடிவிட்டுக் காணாமல் போனவள் பெல். சனிக்கிழமை மீன் விருந்து ஒன்றில் அந்தப் பாட்டுக்குத் தன் அப்பாவும் அம்மாவும் ஆடியதைச் சிறு வயதில் லான்ஸோ பார்த்திருக்கிறார். இப்போது இரண்டு பேருமே இல்லை. பாட்டையாவது இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று, தபால்காரரான அவர் கிளார்க்ஸ்டேல் ஊர் முழுக்கத் தபால் பையோடு அலைந்தார். எந்த வீட்டிலும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "பழைய தட்டு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்காமல் திரும்பியதில்லை.

அன்று காலை ஒரு வீட்டில் மாவு டின்னுக்கு மூடியாகக் கிடந்தாள் பெல். லான்ஸோ புது மூடி வாங்கிக் கொடுத்து அவளை மீட்டார்.

காரில் வைத்ததுதான் தப்பு. மிசிசிப்பி வெயிலில் தட்டு சட்டி மாதிரி குழிந்துவிட்டது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, இளஞ்சூட்டில் நிமிர்த்தலாம் என்று ஓவனில் வைத்தார். அது தெரியாமல், சர்ச் சபை விருந்துக்குக் கேக் சுட வெர்லீன் சூட்டை ஏற்றிவிட்டாள்.

நல்லவேளை, தட்டு உருகவில்லை. ஆறும்வரை மேலே பாரம் வேண்டும். வீட்டிலேயே கனமான பொருள் குடும்ப பைபிள். தூக்கி வைத்தார்.

"வெர்லீன், கேக் ஆச்சா?" வாசலில் குரல் கேட்டது.

சபைக்கே மூத்தவரான பெட்டிஸ் அம்மாள். எல்லோருக்கும் அவர் 'மதர்'. அந்தச் சபையில் ப்ளூஸ் என்றாலே பிசாசின் பாட்டு.

"பைபிளுக்கு அடியில பிசாசுப் பாட்டா! மதர் பாத்தா என்னைச் சர்ச் பாட்டுக் குழுவுலேருந்தே தூக்கிடுவாங்க!" என்று வெர்லீன் பைபிளை உருவினாள். லான்ஸோ தட்டை நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகினார்.

மதர் நேராக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

டக்.

"என்ன சத்தம்?"

"நாற்காலி, மதர்."

"நாற்காலி சத்தம் எனக்குத் தெரியாதா?" மெத்தையைத் தூக்கினார். "இது என்ன தட்டு?"

லேபிளில் ஒரே மாவு. "பிரசங்கம், மதர்!" என்றாள் வெர்லீன் சட்டென்று.

"அப்பப் போடேன், கேப்போம்."

தட்டில் ஒரு விரிசல். தட்டு ஓடாவிட்டால் மானம் தப்பும். ஓடினால் அப்பாவும் அம்மாவும் ஒரு நிமிஷம் திரும்பி வருவார்கள். எது வேண்டும் என்று லான்ஸோவுக்கே தெரியவில்லை. தட்டைக் கிராமபோனில் போட்டு முள்ளை வைத்தார்.

டக், டக் என்ற சத்தத்துக்கு நடுவே கிட்டார் எழுந்தது. பிறகு அந்தக் குரல். அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே லான்ஸோவுக்கு மறந்துபோனது. அப்பாவின் பளபளக்கும் ஷூவும் அம்மாவின் மஞ்சள் கவுனும் கண்முன் சுழன்றன. தேம்பித் தேம்பி அழுதார். வெர்லீன் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் லான்ஸோ மதர் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிடுங்க மதர், இது பிரசங்கம் இல்ல. ஆனா உலகத்துலயே இது ஒண்ணுதான் மிச்சம். தட்டு வந்தப்ப இருந்த பஞ்சத்துல யாரும் வாங்கல, அதான்..."

"யாரு சொன்னா வாங்கலன்னு?" மதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞானஸ்நானம் எடுத்த கையோட வீடு வீடாப் போயி, ஒண்ணு விடாம வாங்கி உடைச்சவளே நான்தான், அந்தப் பக்கத்தையும் திருப்பிப் போடுப்பா, அதுல இன்னும் நல்லாப் பாடியிருப்பேன்!"