பிறை மார்க் ஸ்கூட்டர்

ஆம்பூர்,
18-8-1979

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் கிருபானந்தம் அவர்கள் சமூகத்துக்கு, சுந்தர்ராஜ் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம், உங்கள் தங்கை டோரதி சுகம், அவள் தங்கவயலிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கறிவேப்பிலைச் செடியும் சுகம். அங்கே தங்கவயல் ஊர்காமில் நீங்களும் கிரேஸி அக்காவும் உங்கள் மகன், என் மருமகப்பிள்ளை ஜெயகரனும் சுகமாயிருக்க ஞாயிறு தவறாமல் ஜெபிக்கிறோம். ஸ்கூட்டர் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நீங்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து புரட்ட வேண்டாம். நான் பட்ட பாட்டை வரிசையாகப் படித்தால்தான் உங்களுக்கும் உறைக்கும், எனக்கும் ஆறும்.

நாங்கள் ஊரை விட்டு வந்த அன்று ஸ்டேஷனில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. சுரங்க ஆபீசில் ஓய்வு வாங்கிக்கொண்டு பெட்டி படுக்கையோடு நின்றவனிடம், உங்கள் பச்சை ஸ்கூட்டரைத் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்தீர்கள். வண்டியை அவள் பேருக்கு மாற்றி, கர்நாடக ஆபீசில் தடையில்லை என்று எழுதியும் வாங்கித் தந்தீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் உங்களைத் தெய்வம் என்றே சொல்லியிருப்பேன். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, வேற ஸ்டேட் வண்டிய ஒரு வருஷந்தான் அங்க ஓட்ட முடியும். அதுக்குள்ள அந்த ஊர் நம்பர் வாங்கிடணும். உன்னால ஆவலன்னா கூச்சப்படாம திருப்பி அனுப்பிடு, ஜெயகரன் ஓட்டட்டும்" என்று, அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கேட்கிற மாதிரி சொன்னீர்களே. ஆம்பூர் வரை ஒரு கிழவர் என்னையே இரக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு அது ஸ்கூட்டர். எங்களுக்கு வேறு. தங்கவயலில் எனக்குப் பகல் ஷிப்ட் என்றால் டோரதிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி நர்ஸ் டியூட்டி, எனக்கு ராத்திரி என்றால் அவளுக்குப் பகல். கல்யாணமாகி இத்தனை காலமும் வாசற்படியில் சாவியை மாற்றிக்கொண்டதுதான் எங்கள் குடித்தனம். இங்கே வந்த பிறகு அவளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை, எனக்கு ஜியாவுல்லா பாயின் தோல் மண்டியில் கணக்கு எழுதும் வேலை. காலையில் அவளை இறக்கிவிட்டுப் போகிறேன், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருகிறேன். மேடு பள்ளம் வந்தால் என் தோளில் கை வைக்கிறாள். முதலில் பள்ளத்துக்கு மட்டும் வைத்தாள், இப்போது நல்ல ரோட்டிலும் எடுப்பதில்லை. பொங்கல் லீவில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு அமிர்தி வரைக்கும் போய் வந்தோம். அருவியில் தண்ணீர் இல்லை, கூண்டில் இருந்த மான் எங்கள் சாதத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, ஆனாலும் அதைப்போல ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. இந்த வண்டியைத் திருப்பி அனுப்பு என்றால் நான் எப்படி அனுப்புவேன் மச்சான்?

ஆனால் காரியம் என்னவோ தள்ளிக்கொண்டே போயிற்று. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே, நாளைக்குச் செய்யலாம் என்பதை இன்றைக்குச் செய்ய மாட்டேன். ஊர்க்காரர்கள் வேறு, "இன்னா சார், தங்கவயல் வண்டியாமே, சீட்டுக்கு அடியில தங்கம் கிங்கம் இருக்குதா?" என்று தட்டிப் பார்ப்பதும், வழியில் போலீஸ்காரர் நம்பரைப் பார்த்துக் கை காட்டுவதும், நான் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்துக் கதை சொல்வதுமாக ஒரு வருஷம் கரைந்து கடைசி வாரத்தில் வந்து நின்றது. அப்போதுதான் வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். பொறுமையாக எல்லாம் சொல்லி, "வண்டி உடம்புல அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பரைப் பேப்பர் வெச்சுப் பென்சிலால தேச்சு எடுத்துக்கினு, வண்டியோட வாங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து ஓகே சொன்னா நம்பர் குடுத்துடுவோம்" என்றார். இவ்வளவுதானா என்று பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து, வண்டியைச் சாய்த்து, பேப்பரை வைத்துத் தேய்த்தால் பென்சில்தான் கரைகிறது. நம்பரைக் காணோம். ஏன் காணோம் தெரியுமா? வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டு ஜன்னலுக்கு அடித்த பெயின்டில் மிச்சத்தை வண்டிக்கும் அடித்தீர்களே, அது அடைபோல மூடிக் கிடக்கிறது. மறுநாள் மண்டியில் நான் வாடிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஜியாவுல்லா பாய் விசாரித்தார். சொன்னேன். "அரே, நம்பர் தெரியலன்னா அதுக்கு இன்னா சார் பேஜாரு? நம்ம அமீர் பாஷாகிட்ட விடுங்க. நம்பர் போட்றதுதானே அவன் வேலை" என்று அங்கேயே கூப்பிட்டு வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அமீர் பாஷா எங்கள் மண்டியின் மேஸ்திரி. யாருடைய தோல், எந்த லாட்டு என்று தெரிவதற்காக ஒவ்வொரு தோலின் ஓரத்திலும் சுத்தியால் அடித்து எங்கள் மண்டியின் பிறை அடையாளத்தையும் லாட்டு நம்பரையும் பதிப்பவன். அவன் அடித்தால் தோல் எத்தனை தொட்டியில் ஊறினாலும் அழியாது. சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து, சீட்டுக்குக் கீழே டூல் பாக்ஸ் மூடியைக் காட்டி, "தேச்சுப் பாருங்க சார்" என்றான். தேய்த்தேன். அச்சடித்த மாதிரி நம்பர் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவனைக் கட்டிக்கொண்டேன். நம்பருக்கு முன்னால் ஒரு பிறை நிலா இருந்ததே, அது உன் கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். பட்டது. கம்பெனிக்காரன் முத்திரை என்று நினைத்தேன். தினமும் அதே பிறையைத்தான் சரக்குக் கணக்கில் எழுதுகிறேன், தோலில் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஸ்கூட்டரில் அதை யார் எதிர்பார்ப்பார்கள்?

டோரதி மட்டும் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏங்க, நேத்து வரைக்கும் ஒண்ணுமில்ல, இன்னைக்கு எப்படிங்க இவ்ளோ சுத்தமா வந்துச்சு?" என்றாள். "விசுவாசம் வேணும் டோரதி" என்றேன்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். வண்டி அவள் பேரில் இருப்பதால் அவளும் வர வேண்டுமாம். மாதனூர், பள்ளிகொண்டா என்று அருமையான பயணம், தோளில் கை, ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரம். வேலூரில் அவளை ஒரு வேப்பமரத்தடியில் சாப்பாட்டுக் கேரியரோடு உட்கார வைத்துவிட்டு, ராஜா மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பேப்பரைப் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் பேப்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், சேஸிஸ் நம்பருக்கு முன்னாடி பிறை எப்படி வந்துச்சு?"

"கம்பெனி முத்திரைங்க."

"எந்தக் கம்பெனி?"

அந்த நிமிஷத்தில்தான் மச்சான் எனக்குப் புத்தி வந்தது. அந்தப் பிறை எந்தக் கம்பெனியுடையது என்று உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்?  பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். கடைசியில் உண்மையையே சொன்னேன். "இது ஆட்டுத்தோலுக்குப் போடுற மார்க்குங்க. நம்பர், அன்னைக்கு வந்த லாட்டு நம்பருங்க."

அவர் சிரிக்கவில்லை. "வெளி மாநில வண்டி. நம்பர் புதுசா அடிச்சிருக்கு. புத்தகத்துல வேற நம்பர் இருக்கு. இதுக்கு எங்க ஊர்ல இன்னா பேர் தெரியுமா? திருட்டு வண்டி. இங்கயே நிறுத்துங்க, ஸ்டேஷனுக்குச் சொல்லணும்" என்றார். வண்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஜெயில்கூட நினைவுக்கு வரவில்லை. இனி டோரதி பஸ்ஸில் தனியாகப் போக வேண்டுமே, நான் நடந்து போக வேண்டுமே என்பதுதான் வந்தது. கண் கலங்கிவிட்டது. அறுபது வயசை நெருங்குகிற மனுஷன், அத்தனை லாரி டிரைவர்களுக்கு நடுவில்.

என் நிலையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு டோரதி எழுந்து வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. டாக்டரிடம் நோயாளியைப் பற்றிக் கேட்கிற அதே குரலில், "சார், நெஜமான நம்பர் எந்த எடத்துல இருக்கணும்?" என்றாள். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து, வண்டியின் இன்னொரு பக்கத்தில், உங்கள் பச்சை பெயின்ட் மொத்தமாகத் திரண்டிருந்த இடத்தைக் காட்டினார். அமீர் பாஷா தட்டையாக இருக்கிற இடமாகப் பார்த்து டூல் பாக்ஸ் மூடியில் அடித்திருக்கிறானே தவிர, இதைத் தொடவே இல்லை! டோரதி எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போய் ஸ்பிரிட்டும் பஞ்சும் பிளேடும் வாங்கிவந்து, கைப்பையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். காயத்தின் பழைய கட்டைப் பிரிக்கிற மாதிரி பதம் பார்த்துச் சுரண்டினாள். பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை, அதற்கு அடியில் உங்கள் வீட்டுக் கதவுக்கு அடித்த ஊதா, அதற்கும் அடியில் சாம்பல். இரும்பு தெரிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே குந்திவிட்டார். "அடுத்தது மூணு வரணும்மா" என்பார். "மூணுதாங்க சார்" என்பாள். லாரி டிரைவர்கள் கை தட்டுவார்கள். கடைசி எழுத்து வரைக்கும் புத்தகத்தில் உள்ளபடியே வந்தது.

அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் சிரித்தார். சிரித்தார் என்றால், தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். "என் சர்வீஸ்ல தோல் நம்பர் போட்ட ஸ்கூட்டர இன்னைக்குத்தான் பார்க்கிறேன். அந்த மூடிய மட்டும் கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டுங்க" என்றார். பிரேக்கைப் பார்க்க ஒரு ரவுண்டு போகச் சொன்னார். வண்டியைக் கிளப்பினேன். டோரதி சொல்லாமலே பின்னால் ஏறிக்கொண்டு தோளில் கை வைத்தாள். பிரேக் அன்றைக்குப் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை. அவர் போகிறபோது, "சிஸ்டர், இந்த முட்டி வலிக்கு இன்னா பண்ணலாம்?" என்று கேட்டு மருந்தும் தெரிந்துகொண்டார்.

ஆக, மச்சான் அவர்களே, வண்டிக்குத் தமிழ்நாட்டு நம்பர் கிடைத்துவிட்டது. ஒரு வருஷத்துக்குள் கிடைத்துவிட்டது. யார் ஒத்தாசையும் இல்லாமல் கிடைத்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை, டோரதி எட்டிப் பார்க்கிறாள். செய்தி கேட்டு ஜியாவுல்லா பாய் வீட்டிலிருந்து அண்டா நிறைய பிரியாணி வந்தது. அமீர் பாஷாவை மட்டும் யாரும் திட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன், பாவம், நல்ல மனசோடுதான் செய்தான். அவனோ கொஞ்சம்கூட அசரவில்லை. "நம்ம மார்க் அடிச்ச சரக்கு இதுவரைக்கும் போன எடத்துலருந்து திரும்பி வந்ததே இல்ல சார். உங்க வண்டி மட்டும் எப்படித் திரும்பும்?" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. கழற்றிய மூடியை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன்.

ஆகையால் இந்த வண்டி இனி ஒருநாளும் தங்கவயல் மண்ணை மிதிக்காது என்பதைப் பணிவோடும் கொஞ்சம் கர்வத்தோடும் தெரிவித்துக்கொள்கிறேன். ஜெயகரனுக்கு என் ஆசீர்வாதம், வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லவும். கிரேஸி அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் குடும்பத்தோடு இங்கே வர வேண்டும், பெயின்ட் டப்பா இல்லாமல் வர வேண்டும். உங்கள் வீட்டில் சமாதானமும் அடுப்பில் நல்ல குழம்பும் என்றைக்கும் குறையாதிருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் அன்புக் கணவன்,
சுந்தர்ராஜ்

பின் குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க வண்டியில்தான் கிளம்பினேன். புது நம்பர் வந்த சந்தோஷத்துக்கு அமீர் பாஷா தன் செலவில் டேங்கை நிரப்பி வைத்திருந்தான். பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டிய வண்டி என்று நான் எப்போதோ சொன்னது அவன் நினைவில் இருந்திருக்கிறது. மண்டியில் தோலுக்குப் போடும் புங்க எண்ணெயில் முதல் தரமானதாகப் பார்த்துத் தாராளமாக ஊற்றியிருக்கிறான். "தோலே மிருதுவாகுது சார், இரும்பு ஆகாதா?" என்கிறான். ஆகவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் புகை கிளம்பி, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. இங்குள்ள மெக்கானிக், இந்தப் பழைய வண்டிக்குச் சாமான் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். நீங்கள் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் இதே வகைப் பழைய இன்ஜினில் இருந்துதான் எடுத்துப் போட வேண்டும். ஆகவே மேலே எழுதிய கர்வத்தை மட்டும் அடித்துவிட்டு மற்றதைப் படித்துக்கொள்ளவும். ஜியாவுல்லா பாயின் தோல் லாரி வருகிற சனிக்கிழமை தங்கவயல் வழியாகப் பெங்களூர் போகிறது, வண்டியை அதில் ஏற்றிக்கொண்டு உங்கள் வாசலுக்கே வருகிறோம். சீக்கிரம் சரிசெய்து கொடுங்கள், ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே நின்றால் மறுபடியும் கர்நாடக நம்பர் வாங்க வேண்டும். தோல் லாரியில் நாற்றம் தாங்காது, நாம் பஸ்ஸில் போகலாமே என்கிறாள் டோரதி. பஸ்ஸில் பொம்பளைகளுக்குத் தனி சீட்டு. லாரியில் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். லாரியிலேயே வருகிறோம்.