உட்காராத சாமியார்

மாரிகுப்பத்தில் சாமியார் வந்து இறங்கியதிலிருந்து, தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்தவன் எவனும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடிக்குப் போனான். மூலத்தை மந்திரத்தாலேயே விரட்டும் மகானாம்! அதிலும் ஆண்டுக்கணக்காக உட்காராத தவம். நின்றபடியே உபதேசம், நின்றபடியே வசூல். கூட்டத்தில் பாதிப் பேரால் உட்கார முடியாது என்பதால், குருவும் சீடர்களும் பொருத்தமாகவே இருந்தார்கள்.

முன்வரிசையில், சுரங்கத்தில் பாறை துளைக்கும் சின்னசாமி காலை அகட்டி நின்றான். பக்கத்தில் மனைவி மங்கம்மா.

"மூல வியாதி எதனால வருது? மூல நட்சத்திரத்தால! பேருலயே இருக்குதே!" சாமியார் சின்னசாமியிடம் பிரம்பால் மங்கம்மாவைக் காட்டினார். "இவ மூல நட்சத்திரக்காரி. கம்மலைக் கழட்டி வச்சுட்டுத் தாய்வீட்டுக்குப் போகட்டும். உனக்கு ரத்தம் நின்னுடும்."

மங்கம்மா பஞ்சத்தில் பிறந்தவள். பெற்றவளுக்கே அவள் பிறந்த கிழமை தெரியாது. இந்த ஆளுக்கு நட்சத்திரமே தெரிந்துவிட்டதாம்!

சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டான். "இன்னா பண்றது மங்கா? ஆம்பூருக்கு, உங்க அம்மா வீட்டுக்கே போயிடேன்."

அந்த நேரம் சாமியார் அடுத்த ஆளிடம் நகர்ந்தார். காலை அகட்டி, பல்லைக் கடித்து, மெல்ல மெல்ல. அந்த நடை மங்கம்மாவுக்குத் தெரியும். தினமும் வீட்டில் பார்க்கிற நடை.

"சாமிக்குக் கல்யாணம் ஆச்சுங்களா?"

"சிவசிவா! பொம்பள நிழலே என்மேல பட்டதில்ல."

"அப்ப சாமிய எந்த மூலமும் அண்டாது." காலி வெடிமருந்துப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். "கொஞ்சம் உட்காருங்க, பாக்கலாம்."

"தவம் கெட்டுடும்!"

"புருசன் பொண்டாட்டியப் பிரிச்சா கெடாத தவம், ஒரு தபா உட்கார்ந்தா கெட்டுடுமா?"

கூட்டம் சிரித்தது. பக்தர்கள் இரண்டு பேர், மிகுந்த பக்தியோடு, சாமியாரின் தோளைப் பிடித்து அழுத்தினார்கள்.

"ஐயோ அம்மா!"

துள்ளி எழுந்த சாமியாரின் காவி வேட்டியில், பின்பக்கம் சிவப்புக் கறை.

"சாமிக்கு எந்தப் பொண்டாட்டி குடுத்தது?" என்றாள் மங்கம்மா. சாமியார் ஓடவும் முடியாமல் அகட்டி அகட்டி நடையைக் கட்டினார்.

மங்கம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க? தண்ணி குடி, கீரை தின்னு, வெளிக்கு வந்தா அடக்காத, போனா முக்காதன்னு சொல்லல? நீ ஷிஃப்ட் முடியறவரைக்கும் அடக்குவ. கருவாடும் சாராயமுமா வயித்தக் காயப்போடுவ. அப்புறம் முக்குவ. பழி மட்டும் எனக்கா?"

சின்னசாமி வெட்கத்தில் வானத்தைப் பார்த்தான்.

"நோவு கீழ இருக்குது, நீ ஏன்யா ஆகாசத்தப் பாக்கற? தலை இருக்கறது நட்சத்திரம் பாக்கறதுக்கு மட்டுமா? யோசிக்கறதுக்கும் ஆவும்!"