கோணி போக மூன்று வார்த்தை

வாசகரே, இலக்கு எழுத்தாளர் என்றோர் இனம் உண்டு. எழுத்தாளரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எழுத்தாளர் எழுதுவார். இவர், எவ்வளவு எழுதினோம் என்று எழுதுவார்.

அடையாளம் சுலபம். சட்டைப்பையில் நான்கு நிறப் பேனா, சுவரில் கட்டம் போட்ட அட்டவணை, காலையில் அதன் எதிரே நின்று பல் விளக்கிக்கொண்டே நேற்றைய வெற்றுக் கட்டத்துக்கு ஒரு பெருமூச்சு, பிறகு நேற்று எழுதாமல் விட்ட ஐந்நூறு வார்த்தையையும் இன்றைய ஐந்நூறையும் கூட்டிக்கொண்டே தேநீர், தேநீர் ஆறுவதற்குள் கட்டங்கள் சிறியதாக இருப்பதால்தான் எழுத்து வரவில்லை என்ற ஞானம், உடனே பெரிய கட்டங்களோடு புது அட்டவணை. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எழுத ஏது நேரம்?

என் தம்பி கிவும்பி இதில் முதல் தரம். அக்கா என்பதால் சொல்லவில்லை. அவனைப் போல நேராகக் கோடு இழுக்க எங்கள் மசாக்கா ஊர் முழுவதிலும் ஆள் கிடையாது.

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் வாராவாரம் கூட்டம் போடுவோம். ஒவ்வொருவரும் எழுந்து, இன்னது தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பார்கள். கிவும்பி தன் நாவலுக்கும் அப்படிக் கூட்டம் வைத்தான். வாக்குக் கொடுப்பவன் அவன் மட்டும்தான். தலைவர், மாமா கலுங்கி. உபசரிப்பு, பக்கத்து வீட்டு நமுலி. செயலாளர் நான். படிப்பு ஏழாம் வகுப்பு. ஆனால் காப்பிக் கிடங்கில் பதினெட்டு வருஷமாக எடை போடுகிறேன். கோணியின் எடையைக் கழிக்காமல் ஒரு சீட்டும் எழுதியதில்லை.

கம்பாலாவில் ஒரு பதிப்பாளர், திங்கட்கிழமை முதல் அத்தியாயத்தோடு வந்தால் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் நைரோபிக்கே குடிபோகிறார். தம்பிக்கு வந்த ஒரே வாய்ப்பு அதுதான். அதற்கு முந்தைய சனிக்கிழமை கூட்டம் கூடினோம்.

"ரெண்டாயிரம் வார்த்தை தர்றேன்னு போன வாரம் எழுந்து நின்னு சொன்னியே, என்னடா ஆச்சு?" என்றார் மாமா.

"நாலாயிரத்து இருநூறு ஆயிடுச்சு மாமா!"

கைதட்டல். நமுலி மூன்று முறை குலவையிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கை சும்மா இருக்குமா? தாள்களை வாங்கிக் கோணியைக் கழித்தேன். தலைப்பு, சமர்ப்பணம், பொருளடக்கம், நாற்பது அத்தியாயங்களின் பெயர்கள், பதினோரு பக்க நன்றியுரை. எல்லாம் போக மிஞ்சியது ஒரே வரி: "அன்று மழை பெய்தது."

"தம்பி, கோணி போக சரக்கு மூணே வார்த்தைதான்டா."

"அக்கா, அதான் ரொம்பக் கஷ்டமான மூணு!"

திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. மாமா மெதுவாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார்.

"அது கிடக்கட்டும். நன்றியுரையில எம்பேரு நமுலிக்குக் கீழ ஏன் இருக்கு?"

"நான் வாராவாரம் சப்பாத்தி கொண்டாந்தேன். நீங்க என்னத்தக் கொண்டாந்தீங்க, பசியைத்தானே?" என்றாள் நமுலி.

"தலைவர்கிட்ட பேசுற பேச்சா இது?"

ஞாயிறு முழுவதும் நன்றியுரையைத் திருத்தினார்கள். பதினேழு பக்கமானது. திங்கள் காலை அதைச் சுமந்துகொண்டு தம்பி பஸ் ஏறினான்.

பதிப்பாளர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாராம்: "மழை எப்ப நிக்கும்?"

"டிசம்பர்ல, ஐயா. அட்டவணை இருக்கு."

அவர் நைரோபி போய்விட்டார். அழுதுகொண்டு வருவான் என்று நான் அவனுக்குப் பிடித்த கடலைக் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். வந்தான். நேரே சுவருக்குப் போனான். "பதிப்பாளரைப் பார்த்தல்" என்ற கட்டத்தில் பச்சைப் பேனாவால் பெரிதாகச் சரி போட்டான். பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

சிரிக்கிறீர்களா? முதல் பக்கத்தில் மட்டும் தேதி போட்ட நோட்டு ஒன்று உங்கள் இழுப்பறையில் கிடக்குமே, அதை எடுத்துக் கோணியைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். என்னிடம் கூச்சப்பட வேண்டாம். இதை எழுத உட்காருமுன் நானும் சின்னதாக ஓர் அட்டவணை போட்டேன். நான்கே கட்டம்தான். கோடு மட்டும் தம்பி இழுத்தது.