பெரூசலுக்கு வந்த கல்யாணம்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. போனில் பேசினால் என் வீட்டுக்காரி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

காலையில் என் மகள் ஆபீசிலிருந்து வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்று அனுப்பினாள். தலைப்பு, 'என் கல்யாணம்: ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்'. ஹெட் கிளார்க்காக இருந்தவனுக்கு இது தெரியாதா? சம்மதம் வேண்டுமென்றால் 'அப்ரூவல்' என்று போடுவார்கள். 'பெரூசல்' என்றால் முடிவெடுத்தாயிற்று, நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்று அர்த்தம். டிக்‌ஷனரியில் என்னவோ கவனமாக வாசித்தல் என்றுதான் இருக்கிறது. எந்த ஆபீசில் வாசித்தார்கள்? ஓரத்தில் ஒரு இனிஷியல் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவோம். பெற்ற அப்பனையும் அப்படி ஒரு மேஜையாக்கிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? 'பார்த்தேன், நன்றி' என்று பதில் போட்டு, அதே வேகத்தில் குடும்ப குரூப்புக்கும் தள்ளிவிட்டது, நீ கோபித்துக்கொண்டு வெளியேறினாயே, அதே குரூப். அழிக்கிறேன் பேர்வழி என்று அவள் அனுப்பியதையும் சேர்த்து அழித்துவிட்டேன். அதற்குள் மச்சான் வாழ்த்தே அனுப்பிட்டான். வீட்டுக்காரிகிட்ட சொன்னா, "எனக்குப் போன மாசமே தெரியும், நீங்க குதிப்பீங்கன்னுதான் சொல்லல"ங்கறா.

ஒத்தைப் பொண்ணு அக்கா. செருப்பு வாங்கறதுக்குக்கூட என்னைக் கேட்டவ. இதுக்கு, 'உங்களுக்குச் சம்மதமாப்பா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? மனசே ஆறல. நீ உடனே கிளம்பி வா. உன் குரலுக்குத்தான் அவ பயப்படுவா. எப்படியாவது நிறுத்து. நிறுத்த முடியலைன்னா கொஞ்சம் தள்ளியாவது போடு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

நிம்மதி போன உன் தம்பி

பி.கு.: வா, ஆனால் சண்டைக்கு வராதே. சாயங்காலம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நேர்ல கேக்க பயமா இருந்துச்சுப்பா, அதான் ஆபீஸ் மாதிரி எழுதிட்டேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேணாம்ப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "அவர்கிட்ட என்ன பிடிச்சுது, சொல்லுங்க" என்று அப்போதிலிருந்து விடாமல் கேட்கிறாள். தலைப்புக்குக் கீழே நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை அக்கா. வீட்டுக்காரியிடம் கேட்டால் மானம் போய்விடும். பையன் பெயர் என்ன என்று நீயே அவளிடம் நைசாகக் கேட்டுச் சொல்லேன்.