நான்காம் பாறைக்கு அறுபது பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடம்.

வாழ்க கனகராஜ்! ஈப்போவில் ஏர்கான் கழுவும் கைவல்லோன். கோப்பெங் பால்மரக் காட்டில் ஆண்டுதோறும் போட்டி கூட்டும் பெருந்தகை. நான்காம் பாறையில் மூன்றாண்டு கால் ஊன்றி ஊன்றித் தோற்றும் துவளாத நெஞ்சினன். அவன் புகழ் சொல்லப் புகுந்த நாவே, இடறாதே.

டிரையல்ஸ் என்னும் அப்போரில் வேகத்துக்கு மதிப்பில்லை. மோட்டார் சைக்கிளில் பாறையும் வேரும் ஓடையும் ஊர்ந்து கடக்க வேண்டும். கால் தரையில் பட்டால் தண்டப் புள்ளி. கைவிடப்பட்ட அந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் போன ஆண்டு வந்தவர் இருபத்திரண்டு பேர். இவ்வாண்டோ, சுங்காயிலிருந்தும் கமுந்திங்கிலிருந்தும் லாரி லாரியாய், புகை கக்கும் யானைப்படைபோல் எண்பத்தேழு வண்டிகள் வாசலில் உறுமி நின்றன. முன்பதிவுப் பட்டியலில் இருந்தவை அறுபது பெயர்கள். மூன்று மணிக்கு நிலக்காரர் கேட்டைப் பூட்டிவிடுவார்.

கனகராஜ் கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் ஏறி முழங்கினான்:

"லிஸ்ட்ல பேரு இருக்கறவங்க மட்டும்தான் ஓட்டலாம்! மத்தவங்க உக்காந்து பாருங்க!"

கமுந்திங்கிலிருந்து வண்டி ஏற்றி வந்த அவன் மனைவியின் தம்பி தேவன் பதறினான்.

"மச்சான், நான்லா!"

"மச்சானா இருந்தாலும் லிஸ்ட் லிஸ்ட்தான்."

உறவை அறுத்து நெறியை நாட்டிய அக்கணத்தில் கொசுக்களும் பறக்க மறந்தன. தேவன் பால்மரக் கட்டையொன்றில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

நண்பகலில் படை நிலைகுலைந்தது. ஒவ்வொரு வீரனும் நான்காம் பாறையை ஏறுமுன் மும்முறை வலம் வந்தான், தடவினான், நண்பனிடம் யோசனை கேட்டான். வரிசை ஓடைவரை நீண்டது. தலை கொய்யப்பட்ட சேனையின் களம்போல், சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய் இருபத்துமூன்று ஹெல்மெட்டுகள் மண்ணில் இடம் பிடித்துக் கிடக்க, அவற்றுக்குரிய உடல்களோ மதார் சாகிப்பின் தேநீர் வேனைச் சூழ்ந்து, தே தாரிக்கை உறிஞ்சி, ரொட்டி சானாயைப் பிய்த்து, போர் ஒன்று நடப்பதையே மறந்து நின்றன.

கனகராஜின் மீசை சிலிர்த்தது.

"ஹெல்மெட் மட்டும் லைன்ல நின்னா செல்லாது! உள்ள தலையும் இருக்கணும்!"

"அண்ணே, ரொட்டி ஆறிடும் லா!"

"அப்ப ரொட்டியவே ஓட்டச் சொல்லு!"

சிரிப்பொலி தோட்டத்தைக் குலுக்கியது. ஹெல்மெட்டுகள் தத்தம் தலைகளை அடைந்தன. பிறகு அவன் படையை இரண்டாகப் பிளந்தான். ஒரு பாதியைக் கடைசிப் பாறைக்கு அனுப்பி அங்கிருந்து முதல் பாறை நோக்கி வரச் செய்தான். பாறையைப் பார்க்க ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று விதித்தான். நான்காம் பாறையின் நடுவர், பிழையா விசிலாள் ஷர்மினி, அவ்விதியை எவர் முகமும் பாராமல் ஊதினாள். வரிசை தேய்ந்தது, கரைந்தது, இரண்டு நாற்பத்தெட்டுக்கு ஒழிந்தது.

இனி அவன் முறை. அன்று முழுதும் பிறர்க்கென ஓடிய அவ்வீரன், கனவில் நூறு முறை கால் படாமல் ஏறிய அப்பாறையின் முன், வண்டியை உதைத்துக் கிளப்பி, ஹெல்மெட்டின் வாரை இறுக்கி, பன்னிரண்டு நிமிடங்களே எஞ்சிய அந்தப் பொன்வேளையில், புலி பாயுமுன் பதுங்குவதுபோல் முன்னே குனிந்து, விசிலுக்காகக் காத்திருந்தான்.

விசில் வரவில்லை.

ஷர்மினி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலே. அறுபது பெயர், அறுபது டிக். அத்தனையும் ஒரு வாரமாய் வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பார்த்துக் கனகராஜ் தன் கையால் எழுதியவை. அவன் பெயர் அதில் இல்லை.

கட்டையிலிருந்து தேவன் கேட்டான்:

"என்ன மச்சான், லிஸ்ட் லிஸ்ட்தான?"