சத்தம் போதாத சைலன்சர்

பேரன்புக்குரிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சலவைக்கூடத்தின் இரண்டு பெரிய மெஷின்களும் சுகம். பிக்கப் வண்டிதான் சுகமில்லை. அங்கே நீயும் உன் வீட்டாரும் நீ வேலை பார்க்கும் வண்டிச் சாமான் கடையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இப்போது வருகிற போன்களில் தரமே இல்லை மச்சான். மூன்று போன் மாற்றிவிட்டேன். மூன்றிலும் நீ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

நம் பிழைப்பே மலைமேல் இருக்கிற அந்த மருத்துவமனைதான் என்று உனக்குத் தெரியும். தினமும் காலையில் நானும் உன் அக்காவுமாக இருநூறு படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சை அங்கி எல்லாவற்றையும் மூட்டை கட்டி மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அழுக்கு மூட்டைகளைக் கீழே கொண்டுவர வேண்டும். அது கைவிட்டுப் போனால் கூடத்தில் இருக்கிற ஏழு பேரும் ஈ ஓட்ட வேண்டியதுதான். கொஞ்ச காலமாக அந்த ஏற்றத்தின் கடைசி வளைவில் வண்டி குலுங்குகிறது, நடுங்குகிறது, அப்படியே நின்றுபோகிறது. முப்பது வருஷமாக ஓட்டுகிற கை இது. கியரைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது, கை தானாகப் போடும். ஆக, கோளாறு வண்டியில்தான். ஒருநாள் எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த டிரைவருக்கு ஒரு சைரன் போடக்கூடச் சோம்பேறித்தனம். போட்டிருந்தால் ஒதுங்கியிருக்க மாட்டேனா? அன்றைக்கே மேட்ரன் அம்மா ஒரு தாளில் எழுதி நீட்டிவிட்டார், இன்னும் ஒருமுறை தாமதமானால் வேறு ஆள் பார்ப்போம் என்று. எதிரே நிற்கிற மனிதனிடம் வாய் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

இந்தச் சமயத்தில்தான் நீ எழுதியிருந்தாய், இஞ்சினை ட்யூன் செய்து சைலன்சரையும் மாற்றினால் வண்டி பறக்கும் என்று. கூடவே ஒரு கேட்லாக்கும் அனுப்பினாய். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாய். சரி, ட்யூனிங் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான், ஆனால் சட்டைக் காலருக்குள்ளேயே பேசுகிறவன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, லேப்டாப்பில் மூன்று பெட்டிகளைக் காட்டினான். ஒன்று எரிபொருள் மிச்சத்துக்கு, ஒன்று சுமை இழுக்க, ஒன்று வேகத்துக்கு. பத்து நிமிஷம் விளக்கினான். நானும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, எந்தப் பெட்டியில் எண் பெரியதோ அதைத் தொட்டேன். அது வேகப் பெட்டி. அவன் மூட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் அவ்வளவு மரியாதை.

அடுத்து சைலன்சர். பின்பக்கம் புகை விடுவது ஒன்று, பக்கவாட்டில் விடுவது ஒன்று, டிரைவர் கூண்டுக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நின்று மேலே விடுவது ஒன்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நம் பாய்லருக்குப் புகைபோக்கி மேலே போவதால்தானே துணி வெள்ளையாக இருக்கிறது! மேலே போவதையே மாட்டச் சொன்னேன். ஆனால் அதிலும் உள்ளே சத்தம் அடக்குகிற பெட்டி பெரியது, சின்னது, பெட்டியே இல்லாதது என்று மூன்று ரகம். கேட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று நீயே எழுதியிருந்தாயே, அதற்காக நம் இஸ்திரி அண்ணனையும் கூட்டிப்போயிருந்தேன். இருபது வருஷமாக ட்ரையருக்குப் பக்கத்திலேயே நின்று தேய்க்கிறவர். மெஷின் சத்தத்தில் உள்ள நெளிவு சுளிவு அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? முதல் ரகத்தை மாட்டினார்கள். நாங்கள் காத்திருந்தோம்.

“என்னண்ணே, ஸ்டார்ட் பண்ணிட்டானா?” என்று அவர் காதருகில் போய்க் கேட்டேன்.

“பண்ணின மாதிரிதான் தெரியுது. பைப்பு ஆடுது பாருங்க!” என்று அவர் என் காதருகில் கத்தினார்.

இரண்டாவது ரகத்தில் ஏதோ லேசாக, பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை நகர்த்துவது போல. மூன்றாவது, பெட்டியே இல்லாதது, அதில்தான் மச்சான் சட்டைப் பொத்தான் துடித்தது. இஸ்திரி அண்ணன் கட்டை விரலைத் தூக்கினார். எதிரே இருந்த டயர்க் கடைக்காரர் அந்த நேரம் பார்த்துக் கடையை இழுத்து மூடிவிட்டுப் போனார், ஏதோ அவசர வேலை போல. கூட வந்திருந்த உன் அக்கா பெஞ்சில் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலைவலி போலிருக்கிறது, பாவம். போகிற வழியில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை ஜன்னல் வழியாக வீசினாள்.

மறுநாள் காலை பார்க்க வேண்டுமே! தெருவில் இருபக்கமும் ஜன்னல்கள் திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், சிலர் இரண்டு கையையும் ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி வெகுநேரம் வாயசைத்தார். சரி சார், சரி சார் என்று சொல்லிவைத்தேன், பெரிய மனுஷர் தொண்டை சரியில்லை போல. மருத்துவமனைக்குள் நுழைந்தால் ஒவ்வொரு வார்டு ஜன்னலிலும் நோயாளிகள். எழுந்திருக்கவே முடியாதவர் என்று நான் நினைத்திருந்த அந்த மூலை அறைப் பெரியவர்கூட எழுந்து வந்து பார்த்தார். இவ்வளவு வரவேற்பு கிடைத்து என்ன பிரயோஜனம்? அதற்கு முன்னால் கடைசி வளைவில் வண்டி வழக்கம்போல நின்றுதான் போயிருந்தது. அது மட்டுமா, அந்தப் புகைபோக்கி விட்ட கரும்புகை மேலே போகாமல் திரும்பி மூட்டைகள்மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பாய்லர் ஒரே இடத்தில் நிற்கிறது, வண்டி ஓடுகிறது, இந்த ஒரு வித்தியாசத்தை நீயாவது சொல்லியிருக்கலாம். மேட்ரன் அம்மா மூட்டையைப் பிரித்தார். மேல் விரிப்பு அடுப்புக் கரித்துணி மாதிரி இருந்தது. மறுபடியும் ஒரு தாள். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் சரியாகாவிட்டால் வேறு சலவைக்கூடம், வண்டி வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை மச்சான். ஏழு பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

உன் அக்காவிடம் மனசுவிட்டுப் பேசலாம் என்றால் அவளும் வாயைத் திறப்பதில்லை. துணியில் குத்துகிற சீட்டில் எழுதி என் சட்டையில் குத்திவிட்டுப் போகிறாள். நேற்றுக் குத்தியது, ‘காது டாக்டர், புதன், பத்து மணி.’ தலைவலி காதுக்கு இறங்கிவிட்டது போல. வேலையை எல்லாம் போட்டுவிட்டு நாளைக்குக் கூட்டிப்போகிறேன், வேறு என்ன செய்ய.

ஆகவே உன்னிடம் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீ சொன்ன சைலன்சரில் சத்தம் போதவில்லை. சத்தமே இல்லாத வண்டிக்கு இழுவை எங்கிருந்து வரும்? கேட்லாக்கில் கடைசிப் பக்கத்தில் ‘பந்தயத் திடலுக்கு மட்டும்’ என்று சிவப்பு எழுத்தில் ஒன்று போட்டிருக்கிறதே, அதை வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும்படி அனுப்பிவை. இரண்டாக அனுப்பினாலும் சரி. தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகள் நூறு வயது நோய்நொடியில்லாமல் நல்ல காதும் கண்ணுமாக இருக்கட்டும்.

மாறாத அன்புடன்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், நல்லதாய்ப் போயிற்று. எதையும் அனுப்பாதே. புதன்கிழமை டாக்டர் உன் அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைக் கண்ணாடி அறைக்குள் தள்ளினார். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எழுதிக் காட்டினார். அவர் எப்போது ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றார்கள். இப்போது இரண்டு காதிலும் கருவி. இஸ்திரி அண்ணனுக்கும் ஒரு ஜோடி. கீழே வந்து வண்டிச் சாவியைத் திருப்பினேன் மச்சான், அடுத்த நொடி கதவைக்கூட மூடாமல் இறங்கி ஓடிவிட்டேன். அன்றைக்கே பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டச் சொல்லி, கம்ப்யூட்டரில் பழைய கணக்கையே ஏற்றச் சொன்னேன். ட்யூனிங் தம்பி சட்டைக் காலருக்குள் பேசவில்லை, நன்றாகவே பேசுகிறான்.

இன்று வெள்ளிக்கிழமை. அதே சுமை, அதே வண்டி. கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இஞ்சின் முனகுவது கேட்டது. கை தானாக இரண்டாவது கியருக்குப் போனது, வண்டி நிற்காமல் ஏறிவிட்டது. முப்பது வருஷமாக என் கை காதைக் கேட்டுத்தான் கியர் போட்டிருக்கிறது, காது போனது எனக்குத் தெரியவில்லை. வண்டிக்கு எப்போதும் ஒன்றுமில்லை. மேட்ரன் அம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் கியரை மாற்றிய அதே நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அக்கா, “ரெண்டாவது போடுங்க” என்றாள். தூக்கிவாரிப் போட்டது.

“இத எத்தனை நாளா சொல்லிட்டிருக்க?” என்று கேட்டேன்.

“மூணு வருஷமா. தினம் இதே வளைவுல” என்றாள்.